பெரியவர்கள் தனியாக இருக்கும் பழைய வீடுகள், வீடு வாங்க முடியாத பிள்ளைகள்: சென்னையில் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது?

பழவந்தாங்கல் குமார்

வணக்கம். நானும் மனைவியும் மாதச் சம்பளக்காரர்கள். நங்கநல்லூர், ஆதம்பாக்கம், பழவந்தாங்கல் பக்கம் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்த இடம். அப்பா கடைசிவரை வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவர். ரயில், மெட்ரோ இரண்டும் இருக்கின்றன, மாமனார் வீடு அடுத்த தெரு. அதனால் வேறு பக்கம் போக மனசில்லை.

நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் இப்போதும் எழுபதுகளில் மனை வாங்கிக் கட்டிய தனி வீடுகள் நிறைய உண்டு. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். மாடி பூட்டியிருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரு, டல்லாஸ், சிட்னி என்று போய்விட்டார்கள். விற்பதும் இல்லை, மாடியை வாடகைக்கு விடுவதும் இல்லை. விற்பனைக்கு வருவதெல்லாம், அப்படி ஒரு வீட்டை இடித்துக் கட்டிய புது ஃபிளாட்தான். ஆயிரம் சதுர அடிக்கு ஒரு கோடி கேட்கிறார்கள்.

ஒரு கோடி என்றால் கையில் எவ்வளவு வேண்டும் என்று பார்த்தேன். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 25 லட்சம் நம் கையிலிருந்து. பத்திரச் செலவை வங்கி மதிப்பில் சேர்க்காது. அதே விலைக்குப் பழைய ஃபிளாட் ஒன்று கிடைத்தாலும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பும் (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) விலையும் ஒன்றாக இருந்தால் அது ஒரு 9 லட்சம். மொத்தம் 34 லட்சம் ரொக்கமாக இருந்தால்தான் பேச்சையே தொடங்கலாம். இஎம்ஐ அப்புறம்.

பெரியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் ஏன் அசைவதில்லை, அசைந்தால் எங்களுக்கு வழி பிறக்குமா என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

---

ஓஎம்ஆர் நித்யா

குமார், நான் கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் தையூரில் வாங்கினோம். சிட்டிக்குள் கட்டுப்படியாகவில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் லாரிக்கு அசோசியேஷன் தனியாக வசூல் செய்கிறது. கிண்டியில் ஆபீஸ். சோழிங்கநல்லூர் தாண்டுவதற்குள் குழந்தையின் ஸ்கூல் வேன் கிளம்பிவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் டீமில் அடையாறு, அண்ணா நகர் பக்கம் வீடு வாங்கியவர்களைப் பார்த்தால், எல்லாருக்கும் அப்பா பேரில் ஏற்கனவே ஒரு சொத்து இருந்திருக்கிறது. அதை விற்றோ, அடமானம் வைத்தோ முன்பணம் வந்திருக்கிறது. சம்பளம் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

2021-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு. பெரியவர்கள் நீண்ட நாள் நன்றாக இருக்கிறார்கள், அது நல்ல விஷயம். ஆனால் அப்பா 85 வயது வரை இருந்து, பிறகு வீடு மகனுக்கு வரும்போது மகனுக்கே 58 ஆகியிருக்கும். குழந்தை வளர்க்கும் வயதில் அவனுக்கு வீடு இல்லை, ரிட்டயர் ஆகும்போது இரண்டு வீடு. அப்பாவுக்கு வீடே இல்லாத குமாருக்கும் எனக்கும் அதுவும் கிடையாது. இளைஞர்களுக்குள்ளேயே இப்படி இரண்டு சாதி உருவாகிவிட்டது. நான்கு பேர் இருக்கவேண்டிய வீட்டில் ஒருவர் இருந்தால், மீதி மூன்று பேரும் கேளம்பாக்கம் தாண்டிப் போகத்தான் வேண்டும்.

---

லலிதா, மேற்கு மாம்பலம்

நித்யா, உன் கோபம் எனக்குப் புரிகிறதும்மா. நீ சொல்லும் அந்த ஒருவர் நான்தான். எனக்கு 72 வயது. முக்கால் கிரவுண்டில், அதாவது 1800 சதுர அடி மனையில் வீடு. அவர் ரயில்வேயில் இருந்தார், கடன் போட்டு 1981-ல் கட்டியது. அவர் காலமான பிறகு நான் மட்டும். மகள் பெங்களூரில், மகன் அமெரிக்காவில்.

ஏன் போகவில்லை என்று கேட்டால், இதைச் சொல்கிறேன். காலையில் கேட்டில் மாட்டியிருக்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை நான் எடுக்கவில்லை என்றால், எதிர்வீட்டுப் பெண் எட்டரைக்குள் போன் செய்துவிடுவாள். மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்தால் மாதாமாதம் வாங்கும் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும். ஆட்டோக்காரருக்கு எந்த டாக்டர் என்று சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் அயோத்தியா மண்டபம் வரை நடந்து போய் வருவேன். ஊருக்கு வெளியே ஒரு ரிட்டயர்மெண்ட் குடியிருப்புக்குப் போனால் சாப்பாடு கிடைக்கும், நர்ஸ் இருப்பார். என்னைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். கோயம்புத்தூரில் என் தங்கை அப்படி ஒன்றில் இருக்கிறாள், அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் கேள். இந்த வீடு எனக்குப் பெரிதுதான். மாடி ஏறியே பல மாதம் ஆகிறது. இதே தெருவிலோ அடுத்த தெருவிலோ லிஃப்ட் உள்ள சின்ன வீடு கிடைத்தால் போய்விடலாம் என்று நானும் தேடினேன். சின்ன ஃபிளாட்டெல்லாம் எண்பது தொண்ணூறுகளில் கட்டியவை, லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் இருப்பதெல்லாம் புதுசு, மூன்று பெட்ரூம். ஒரு பெட்ரூம் யாரும் கட்டுவதில்லை.

மாடியை வாடகைக்கு விடாததற்குக் காரணம் பயம்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வாடகைதாரரைக் காலி செய்ய வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்தவள் நான்.

---

பத்திரம் பரமசிவம்

நான் வக்கீல். சொத்துப் பத்திரங்கள் பார்ப்பதுதான் பெரும்பாலான வேலை. லலிதாம்மா ஒரு விஷயம் சொல்லவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா, வீட்டுப் பத்திரம் உங்கள் கணவர் பேரில் மட்டும் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், நீங்கள் நினைத்தாலும் தனியாக விற்க முடியாது.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமபங்கு. கணவர் காலமானபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்கும் ஒரு பங்கு. பாட்டி அப்புறம் போய்விட்டால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும், அதாவது உங்கள் நாத்தனாரும் மைத்துனரும் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் எல்லாரும் "அந்த அம்மா வீடு" என்பார்கள். சட்டத்தில் அது நான்கைந்து பேர் வீடு. உயில் இருந்தாலும், பழைய சென்னை நகர எல்லைக்குள் ப்ரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) கொண்டுவா என்று நெடுங்காலம் கேட்டு வந்தார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளை நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுதி அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். ஒரு மகனுக்கு விற்க விருப்பம், இன்னொருவருக்கு இல்லை என்றால் அப்படியே நின்றுவிடும். என்னிடம் வரும் பூட்டிய வீட்டுக் கேஸ்களில் விலை தகராறு குறைவு. பெரும்பாலும் இந்தக் கையெழுத்துச் சிக்கல்தான்.

வாடகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1960 சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இப்போது எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தால், காலம் முடிந்ததும் காலி செய்யக் கேட்க முன்பைவிட வழி தெளிவாக இருக்கிறது. பழைய கதைகளின் பயம் இன்னும் போகவில்லை, அதனால் எத்தனையோ மாடிகள் சும்மா கிடக்கின்றன.

---

பழவந்தாங்கல் குமார்

பரமசிவம் சார், கையெழுத்துச் சிக்கல் இல்லாத வீட்டிலும் நான் வேறொன்றில் முட்டிக்கொண்டேன். ஒரு வீடு பிடித்திருந்தது, வயதான தம்பதி, நல்ல மனிதர்கள். டாக்குமெண்ட் எல்லாம் சரி. கடைசியில் ஊரிலிருந்து வந்த மருமகன், வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம், மீதியைக் கேஷாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். எங்களிடம் கேஷ் ஏது? வங்கிக் கடனில் வாங்குபவன் முழுத் தொகையையும் வெள்ளையில்தான் கொடுக்க முடியும். இரண்டே வாரத்தில் அதை ஒரு பில்டர் எடுத்துக்கொண்டார். பழைய வீடு சந்தைக்கு வந்தாலும் சம்பளக்காரன் வரிசையில் பின்னால்தான் நிற்கிறான்.

---

சான் ஹோசே ரவி

இங்கே கலிஃபோர்னியாவிலும் இதே பேச்சுதான், காரணம் மட்டும் வேறு. 1978-ல் ப்ரொபொசிஷன் 13 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாங்கிய விலையை வைத்துத்தான் சொத்துவரி, அந்த மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எண்பதுகளில் வாங்கிய பக்கத்து வீட்டுத் தாத்தா கட்டும் வரியைப் போல நான் பல மடங்கு கட்டுகிறேன். விற்றுவிட்டுச் சின்ன வீடு வாங்கினால் புது விலைக்கு வரி என்பதால் பலர் அசையவே இல்லை. 2020-ல் ப்ரொபொசிஷன் 19 ஓட்டெடுப்பில் ஜெயித்த பிறகு, 55 வயதானவர்கள் பழைய வரி மதிப்பை மாநிலத்துக்குள் எங்கே போனாலும் மூன்று முறை வரை எடுத்துப்போகலாம். அதே சட்டம், பிள்ளை அந்த வீட்டில் குடியிருந்தால்தான் அப்பாவின் வரிச் சலுகை தொடரும் என்றும் ஆக்கியது.

போதாததற்கு 2021-ல் 3 சதவீதத்துக்கு வீட்டுக் கடன் பூட்டிவைத்தவர்கள், 2023-ல் வட்டி 7-ஐத் தாண்டியதும் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் பெரும்பாலும் மாறும் வட்டி, அந்தச் சிக்கல் இல்லை. பெரியவர்கள் கடனை எப்போதோ அடைத்துவிட்டார்கள். அப்படியென்றால் அங்கே அவர்களைப் பிடித்து வைத்திருக்கும் வரி எது?

---

ஆடிட்டர் மீனாட்சி

ரவியின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். வைத்திருப்பதற்குச் செலவு குறைவு, மாறுவதற்குச் செலவு அதிகம். சென்னையில் 1998-க்குப் பிறகு 2022 வரை சொத்துவரி உயர்வு எதுவும் நிலைக்கவில்லை, 2018-ல் ஏற்றியதையும் அடுத்த வருடமே நிறுத்திவைத்தார்கள். எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள், வாரிசுக்குப் போகும்போது வரி கிடையாது. குடும்பத்துக்குள் பணம் வாங்காமல் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினால் முத்திரை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவு 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வீடு ஒரு கோடியானாலும் ஐந்து கோடியானாலும் 50,000-க்கு மேல் போகாது.

லலிதாம்மா மாதிரி ஒருவர் சின்ன வீட்டுக்கு மாறினால் என்ன ஆகும் என்று ஓர் உதாரணம் போடுகிறேன். இரண்டு கோடிக்கு விற்று, 80 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட் வாங்குகிறார். பத்திரச் செலவு 9 சதவீதம் என்றால் 7 லட்சத்து 20 ஆயிரம். புரோக்கர் கமிஷன் இரண்டு பக்கமும். மீதிக்கு மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்துக்கான வரி. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்பதால், 12.5 சதவீதமா, பணவீக்கம் கழித்து 20 சதவீதமா என்று இங்கே வசிப்பவர் எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் பங்குக்கு அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரியும் வழக்கமான 1 சதவீதம் இல்லை, நிறைய. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு நோட்டீஸ் வந்த இளம் தம்பதிகள் எங்கள் ஆபீஸுக்கு வந்திருக்கிறார்கள்.

ஆக, விற்று மாறினால் பல லட்சம், வைத்திருந்து பிள்ளைக்குக் கொடுத்தால் 50,000. அறுபது வயதைத் தாண்டியவர் தன் ஒரே வீட்டை விற்றுச் சின்ன வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையைக் குறைக்கலாமே? அரசுக்கு வருமானம் போகும் என்பார்கள். ஆனால் அந்த வீட்டை வாங்க வருபவர் கட்டும் தீர்வை இப்போது வரவே இல்லையே, அது புதிதாக வருமே.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றி யாராவது கேட்பீர்கள். 2007 பட்ஜெட்டில் அறிவித்தது. 60 வயதானவர் குடியிருக்கும் வீட்டை வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் வாங்கலாம், அதற்கு வரி இல்லை. பெரிதாக எடுபடவில்லை. உரிமை முழுக்க அவர் பேரில் சுத்தமாக இருக்க வேண்டும், பரமசிவம் சார் சொன்ன இடத்திலேயே முட்டிக்கொள்ளும். எடுபட்டாலும் வீடு சந்தைக்கு வராது, பெரியவருக்குச் செலவுக்குப் பணம் வரும், அவ்வளவுதான்.

---

சைட் இன்ஜினியர் 67

முப்பது வருடமாகக் கட்டட வேலை. மாம்பலம், கே.கே. நகர், நங்கநல்லூர் எல்லாம் தெருத்தெருவாகத் தெரியும். நித்யா மேடம் வருத்தப்படுவார்கள், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் நாளைக்கே கொடுத்துவிட்டாலும் அது உங்கள் கைக்கு வராது.

2019 விதிகளில் எஃப்எஸ்ஐ, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5-லிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்ட் என்பது 2400 சதுர அடி, 4800 சதுர அடி கட்டலாம். ஜேவியில் (மனை உரிமையாளருடையது, கட்டுவது பில்டர்) பாதிக்குப் பாதி என்றால் 1200 அடியில் நான்கு வீடு, உரிமையாளருக்கு இரண்டு, பில்டருக்கு இரண்டு. உரிமையாளர் ஒன்றில் இருப்பார், இன்னொன்று மகன் பேரில் பூட்டியிருக்கும். பில்டர் தன் இரண்டை விற்றுத்தான் நான்கு வீட்டுக் கட்டுமானச் செலவையும், கட்டி முடிக்கும் வரை பெரியவர்களுக்கு ஒன்றரை வருட வாடகையையும் எடுக்க வேண்டும். அப்புறம் விலை எப்படிக் குறையும்? ஒரு பெட்ரூமாக எட்டு போடலாமே என்றால், ஸ்டில்ட்டில் (தூண்களுக்கு இடையே உள்ள கீழ்த்தள பார்க்கிங்கில்) எட்டு கார் நிற்காது. உரிமையாளரே, தன் மனையில் சின்னச் சின்ன வீடு வேண்டாம் என்பார்.

நான் நம்புவது பழைய அபார்ட்மெண்ட்களை. 2022 அபார்ட்மெண்ட் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று வந்திருக்கிறது. முன்பு ஒருவர் முரண்டு பிடித்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஹவுசிங் போர்டு காலத்துக் குடியிருப்புகளில் இடம் தாராளம். அங்கே லிஃப்ட்டோடு சின்ன வீடுகளும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று விதி வைத்தால், லலிதாம்மாவுக்கும் இடம் கிடைக்கும், குமாருக்கும் கிடைக்கும்.

---

ஓஎம்ஆர் நித்யா

வருத்தம்தான், சார். ஆனால் நீங்கள் சொன்னது சரி. லலிதாம்மா, உங்களைக் குத்திப் பேச நினைக்கவில்லை. உங்கள் தெருவிலேயே ஒரு சின்ன வீட்டை யாரும் கட்டித் தராதது உங்கள் தப்பில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மீனாட்சி மேடம் சொன்ன அந்த 50,000 விதி, ஏற்கனவே இருப்பவர்களுக்குத்தான் உதவுகிறது. முதல் வீடு வாங்குகிறவருக்கு 9 சதவீதம், மூன்றாவது வீட்டை அப்பாவிடமிருந்து பெறுகிறவருக்கு 50,000. குடியிருக்கும் ஒரு வீட்டுக்குச் சலுகை இருக்கட்டும். பூட்டி வைக்கும் அடுத்தடுத்த வீடுகளுக்கு ஏன்? அங்கே கொஞ்சம் கூட வாங்கி, முதல் வீட்டுக்குக் குறைத்தால் என்ன?

---

லலிதா, மேற்கு மாம்பலம்

நித்யா, நீ சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.

பரமசிவம் சார், நீங்கள் சொன்னபடியேதான். பட்டா இன்னும் அவர் பேரில் இருக்கிறது. மாமியார் அவருக்கு முன்பே போய்விட்டார், அதனால் நாங்கள் மூன்று பேர்தான். மகன் இந்த டிசம்பரில் வருகிறான். அவன் வரும்போது என்ன செய்ய வேண்டும்?

---

பத்திரம் பரமசிவம்

வாரிசு சான்றிதழை இப்போதே தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கிவையுங்கள். மகனும் மகளும் வந்திருக்கும்போது இருவரும் தங்கள் பாகத்தை உங்கள் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் முழு உரிமை உங்களுடையது. அப்புறம் பட்டா மாற்றலாம். விற்பதா வேண்டாமா என்பது பிறகு உங்கள் முடிவு.

தலைகீழாக, நீங்கள் உங்கள் பங்கை அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்க உதவும் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு அப்போதுதான் வலுவாக உதவும். உங்கள் பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கட்டும், எழுதுவதில் நஷ்டமில்லை.

---

பழவந்தாங்கல் குமார்

இங்கே பேசியதையெல்லாம் படித்துவிட்டு மனைவியும் நானும் வேறு மாதிரி யோசித்தோம். மாமனார் தெருவில் ஒரு பெரியவர், கீழே அவரும் மனைவியும், மேலே பூட்டிய மாடி. மகன் கனடாவில், திரும்பி வரப்போவதில்லை என்று அவனே சொல்லிவிட்டான். பத்திரம் பெரியவர் பேரிலேயே இருக்கிறது. மாடியையும் நிலத்தில் பாதி யுடிஎஸ்ஸையும் (பிரிக்காத நிலப் பங்கையும்) எங்களுக்கு விற்பீர்களா என்று கேட்டோம். அவர் முகத்தைத் தூக்கவில்லை. ராத்திரியில் மேலே ஆள் இருந்தால் நல்லதுதான் என்று மாமி சொன்னார். கேஷ் பேச்சும் இல்லை. இதில் எதைக் கவனிக்க வேண்டும்?

---

சைட் இன்ஜினியர் 67

நல்ல யோசனை தம்பி. முதலில் மாடிக்கு அப்ரூவ்டு பிளான் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி, மாடியைப் பிறகு சும்மா ஏற்றிக்கொண்டவர்கள் அதிகம். அப்படியென்றால் வங்கி கடன் தராது. வங்கி அனுப்பும் வேல்யூயர் கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று எழுதுவார், கடன் காலம் அதற்குள் முடிய வேண்டும். மாடி வெளிப்படிக்கட்டாக இருந்தால் நல்லது. தளத்தில் கம்பி துருப்பிடித்து சிமெண்ட் உதிர்கிறதா என்று பாத்ரூம் மேலே தட்டிப் பாருங்கள். தனி மின் இணைப்பு, சம்ப், போர்வெல் யாருக்கு எவ்வளவு என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

---

பத்திரம் பரமசிவம்

கூடவே மொட்டைமாடி உரிமை யாருக்கு, நாளை இடித்துக் கட்டினால் யாருக்கு எவ்வளவு, கீழ்ப்பாகத்தை விற்பதானால் முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்பது, மூன்றையும் பத்திரத்தில் எழுதுங்கள். பெரியவர் காலத்துக்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியது கனடா மகனோடு. அவர் சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றாலும் சாட்சியாகவோ சம்மதக் கடிதமாகவோ இப்போதே வாங்கிக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

---

பழவந்தாங்கல் குமார்

பெரியவரிடம் கேட்டேன். மாடி 1992-ல் ஏற்றியதாம், பிளான் வாங்கியதாக நினைவு, காகிதம் கைவசம் இல்லை. அப்போது அந்தப் பகுதி ஆலந்தூர் நகராட்சி, 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய கோப்புகள் மண்டல அலுவலகத்தில் இருக்கும் என்கிறார்கள். நகல் கேட்டுத் திங்கள்கிழமை மனு கொடுக்கிறோம், அவரும் கூட வருகிறேன் என்றார். மகனிடம் அவரே பேசிவிட்டார், சம்மதக் கடிதம் அனுப்புகிறானாம். பிளான் கிடைத்ததும் வங்கி என்ன சொல்கிறது என்று இதே இழையில் எழுதுகிறேன்.